இடப்பக்கம் ஒருக்களித்தவள்

அடி அண்ணாமலை கிராமத்துக் குமரேசனின் பெண்சாதி அன்புச்செல்விக்கு இடுப்புவலி நான்கு வருடம் நீடித்தது. ஐப்பசி மாதம் ஒரு காலையில் இட்லிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தபோது வலி கண்டது. ஆட்டோவில் ஏற்றி டவுனுக்குள் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பெயர் எதற்கு, அது இன்றைக்கும் நன்றாகத்தான் நடக்கிறது. டாக்டர் வேதா அவள் வயிற்றில் பெல்ட்டைக் கட்டி மெஷினைப் போட்டதும் குழந்தையின் இதயத்துடிப்பு குதிரை ஓடுவதுபோல அறை முழுக்கக் கேட்டது. நூற்று நாற்பது. சற்று நேரத்தில் அது தொண்ணூறுக்கு இறங்கியது. "இடது பக்கமா ஒருக்களிச்சுப் படும்மா, கொழந்தைக்கு ரத்தம் நல்லாப் போவும்" என்றார் டாக்டர். படுத்தாள். அந்தப் பக்கம் வெறும் சுவர். ஜன்னலும் அதில் தெரிகிற மலையும் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன.

துடிப்பு இரண்டாம் முறை இறங்கியபோது டாக்டர் வெளியே வந்து, "ஆபரேஷன் பண்ணிடலாமா? நீங்க சொல்லுங்க" என்றார். குமரேசன் தன் அம்மா ரேணுகாம்பாளைப் பார்த்தான். "எனக்கு அஞ்சும் சுகப்பிரசவம். கத்தியே பட்டதில்ல" என்றாள் அவள், சொன்ன வேகத்திலேயே பயந்துபோய், "நீங்க பாத்து செய்ங்க மேடம்" என்றும் சேர்த்துக்கொண்டாள். டாக்டர்தான் பாவம் என்ன செய்வார்? அறுத்தால் காசுக்கு அறுத்துவிட்டாள் என்பார்கள், அறுக்காமல் ஏதாவது ஆனால் ஆஸ்பத்திரிக் கண்ணாடியை உடைப்பார்கள். முந்தின மாதம்தான் உடைத்திருந்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று அன்புச்செல்வியைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். ஆபரேஷன் தியேட்டர் வாசலைத் தாண்டியதும் துடிப்பு சட்டென்று நூற்று நாற்பதுக்கு ஏறி ஒரு பழுதில்லாமல் ஓடியது. நல்லா இருக்கிற குழந்தைக்கு எதற்குக் கத்தி என்று திருப்பிக் கொண்டுவந்தார்கள். கட்டிலில் படுத்ததும் மறுபடி தொண்ணூறு. இப்படிப் போவதும் வருவதுமாகவே முதல் வருடம் கழிந்தது.

ஒருமுறை அவளையும் கேட்காமல் இல்லை. அப்போது அவளே, "அவரையும் அத்தையையும் கேட்டுக்குங்க மேடம்" என்று சொல்லிவிட்டாள். அப்படித்தானே எல்லோரும் சொல்கிறோம்!

அப்புறம் அது பழகிப்போயிற்று. வலிக்கும் வலிக்கும் நடுவே சாப்பிடவும் தலை வாரவும் கற்றுக்கொண்டாள். பி.எஸ்சி. கணக்குப் படித்தவள், அதனால் செல்போனில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள். வலி வரும்போது பிள்ளைகள் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள், முனகல் ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து சமன்பாடு தொடரும். பெல்ட் கட்டிவிட்ட நர்ஸுக்குக் கல்யாணமாகி, அவள் பக்கத்துக் கட்டிலிலேயே பெற்றுக்கொண்டு போனாள், அதுவும் இரண்டு தடவை. செங்கம் ரோட்டில் ரூம் எடுத்திருந்த வெள்ளைக்காரம்மா ஒருத்தி தினமும் வந்து துடிப்புச் சத்தத்தைக் கேட்டபடி கண்மூடி உட்கார்ந்துவிட்டு, மனசு லேசாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போவாள். அவளுக்கு லேசாகியிருக்கும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் முடித்தவர்கள் எட்டிப் பார்த்துத் திருநீறு வைத்தார்கள், ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கிணற்றில் விழுந்தவளை மேலே நின்று பார்த்து, கயிறு எந்தக் கடையில் மலிவு என்று பேசுகிற மாதிரி இருந்தது. கார்த்திகை தீபத்தை நான்கு வருடமும் சுவரில் விழுந்த வெளிச்சமாகத்தான் பார்த்தாள். வயிறு மட்டும் ஒரு விரற்கடைகூடக் கூடவில்லை. அது எப்படி என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. அவளுக்கோ அழுகைகூட மரத்துப்போயிற்று.

நாலாம் வருடம் முடிகிற சமயத்தில் துடிப்பின் போக்கு மாறியது. இறங்குவது என்னவோ பழையபடிதான், ஏறத்தான் நேரமெடுத்தது. ஒருநாள் காலை அது எண்பதுக்கு இறங்கி அங்கேயே நின்றது. அன்புச்செல்வி சுவரைப் பார்த்தபடி, "ஏறு கண்ணு, ஏறிடு கண்ணு" என்று முணுமுணுத்தாள். துடிப்பு ஒருவழியாக ஏறி முடித்தபோது அவள் புடவை வேர்வையில் நனைந்திருந்தது. வழக்கம்போல டாக்டர் வெளியே போய், "நீங்க சொல்லுங்க" என்றார். "இன்னும் ஒரு பௌர்ணமி பாத்துடலாமே மேடம்" என்றாள் ரேணுகாம்பாள். குமரேசன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கதவு திறந்துதான் இருந்தது. அன்புச்செல்வி எழுந்தாள். பெல்ட்டும் ஒயருமாக, மெஷினை ஒரு கையால் உருட்டிக்கொண்டு, வலி வந்தபோது சுவரைப் பிடித்து நின்று, போனதும் நடந்து, தானே தியேட்டருக்குப் போய் மேஜைமேல் ஏறிப் படுத்தாள். ரேணுகாம்பாள் பின்னாலேயே ஓடிவந்து, "என்னா பொண்ணு இது, அவசரப்பட்டா எப்படி?" என்றாள். துடிப்பு நூற்று நாற்பதுக்கு ஏறி அழகாக ஓடியது. டாக்டர் மெஷினைப் பார்த்தார், முகம் தெளிந்தது. "நல்லாயிட்சிம்மா. இன்னும் கொஞ்சம் பாக்கலாமே" என்றார்.

"நல்லா இருக்கறப்பவே எடுங்க மேடம்" என்றாள் அன்புச்செல்வி. "கெட்டுப் போற வரைக்கும் எதுக்குக் காத்துனு இருக்கணும்? நான் சொல்றேன். என் வயிறு, என் கொழந்தை. எடுங்க."

டாக்டர் கையைக் கழுவப் போனார்.

பெண் குழந்தை. தோள்வரை முடி, வாய் நிறையப் பால்பல். பச்சைக் குழந்தையை வைக்கிற தராசு தாங்கவில்லை, பெரியவர்கள் ஏறுகிற எடை மெஷினில் நிற்கவைத்துப் பார்த்தார்கள், பதின்மூன்று கிலோ. முறைப்படி வீறிட்டு அழுதது. அழுது முடித்ததும் வாசலில் ரேணுகாம்பாளின் குரலைக் கேட்டு, "இவங்கதான் இன்னும் ஒரு பௌர்ணமி பாக்கலாம்னாங்க" என்று சொன்னது. ரேணுகாம்பாள் திகைத்து, உடனே மலர்ந்து, "வாயப் பாரு, அப்படியே எங்க வீட்டு வாயி!" என்று திருஷ்டி கழித்தாள். கவிநிலா என்று பேர் வைத்தார்கள். வந்த ஜூனில் எல்.கே.ஜி.யில் சேர்த்தார்கள், வயது சரியாக இருந்தது.

அதெல்லாம் பிறகு. அன்றைக்குச் சாயங்காலம் மருந்தின் மரப்பு தெளிந்ததும் அன்புச்செல்வி தையலைக் கையால் பிடித்துக்கொண்டு மெல்ல வலப்பக்கம் திரும்பினாள். புது கவுன் போட்ட மகள் ஜன்னலோரம் நின்று பன் தின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் மலை அங்கேயேதான் இருந்தது.