அடுப்பு வாயில் ஒரு கை

1963 ஜனவரி பத்தொன்பதாம் தேதி, சனிக்கிழமை காலை, ஸ்லாட்டன் கிராமத்துத் தெர்சா ஹல்பர்ட்டின் மேய்ச்சல் நிலத்தில், ஆயிரத்து அறுநூறு வருஷமாக அணைந்து கிடந்த ரோமானியர் மாளிகை அடுப்பு பற்றிக்கொண்டது. இங்கிலாந்து முழுக்க இடுப்பளவு பனி. அந்த மாளிகை இருந்த இடத்தில் மட்டும் துளிப் பனி இல்லை. கோடையில் தோண்டி வெளியே எடுத்த வண்ணக்கல் தரை ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

தெர்சா யோசிக்கவில்லை. விறைத்துப் பிறக்கும் ஆட்டுக்குட்டிகளைச் சமையல் அடுப்பின் கீழறையில் வைத்துத்தான் அந்தப் பக்கத்தில் பிழைக்கவைப்பார்கள். நிலக்கரி வண்டி எட்டு நாளாக வரவில்லை. அவள் அடுப்பு செத்துவிட்டது. பதினொரு குட்டிகள் போய்விட்டன. மிச்சமுள்ள இருபத்துமூன்றும் போனால் பண்ணையை விற்க வேண்டியதுதான். அவற்றைத் தூக்கிவந்து வண்ணக்கல் தரையில் கிடத்தினாள். அரை மணியில் எழுந்து கத்தின. அடுப்புச் சூட்டைத் தரைக்கடியில் கொண்டுபோகும் பாதைகளைக் கோடையில் தூரிகையால் துடைத்தெடுத்த தொல்லியல் ஆய்வாளர் கிரெய்டன் பனியில் நடந்தே வந்தார். "இது நடக்க வாய்ப்பே இல்ல, மிஸஸ் ஹல்பர்ட்" என்றார், தரையில் உட்கார்ந்து குளிர்காய்ந்தபடி.

மூன்றாம் நாள் தரை ஆறியது. குட்டிகள் நடுங்கின. தெர்சா ஓடிப்போய் மாளிகை அடுப்பின் வாயில் குனிந்தாள்.

உள்ளிருந்து ஒரு கை வந்தது.

கரி படிந்த கை. கட்டைவிரலில் தீத்தழும்பு. உள்ளங்கையை விரித்துக் காத்திருந்தது.  தெர்சாவுக்குப் பின்னாலேயே வந்த பக்கத்துப் பண்ணை பெர்சி தன் தேநீர்க் குவளையை அதில் வைத்தான்.

"யோவ், அது டீயா கேக்குது?" என்றாள் தெர்சா.

"குளிர்ல யார் கை நீட்டினாலும் டீதானே குடுப்போம்!"

"விறகுய்யா மடையா, விறகு!"

குவளை காலியாகத் திரும்பி வந்தது. கை மறுபடி விரிந்தது. தெர்சா வேலிக் கம்பங்களைப் பிடுங்கிக் கொடுத்தாள், பிறகு தொழுவக் கதவை, கடைசியில் செத்துப்போன புருஷனின் நாற்காலியை. இருபத்துமூன்று குட்டிகளும் பிழைத்தன.

தோண்டிய இடம் கெடாமலிருக்க மறுபடி மண் போட்டு மூடிவைப்பது ஆய்வாளர்கள் வழக்கம். போன வருஷம் மழை முந்திக்கொண்டதால் விட்டிருந்தார்கள். வசந்தத்தில் மண்வெட்டியோடு வந்த கிரெய்டனைத் தெர்சா மறித்தாள். "உள்ள ஆள் இருக்கு. மேல மண்ணள்ளிப் போடுவீங்களோ?" மண்வெட்டி வண்டிக்கே திரும்பியது.

அந்தக் குளிர்காலத்திலிருந்து தேவாலயத்து வேலைமுறைப் பலகையில், பூ அலங்கார முறைக்கும் மணியடிக்கும் முறைக்கும் கீழே, 'மாளிகைக்கு விறகு, டீ' என்று ஒரு வரி சேர்ந்தது. பதினான்காம் குளிர்காலத்தில் நீண்டது வேறு கை. தழும்பில்லாத, ஒல்லியான பெண் கை. பழைய கைக்காரர் செத்துப்போனார் என்று ஊர் எடுத்துக்கொண்டது. அன்று சாவு மணி அடித்தார்கள், கடைகளை அரை நாள் மூடினார்கள். மறுநாள் தெர்சா கொடுத்த குவளை பாதி மீதத்தோடு திரும்பியது. பலகையில் 'சர்க்கரை இரண்டு கரண்டி' என்று திருத்தி எழுதினார்கள்.