போர்மேன் வாயில் லேசர்

தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் நான் போர்மேன். இருபத்திரண்டு வருடமாக வாசலில் நின்று பெண்களின் கொண்டை ஊசியையும் ஆண்களின் செல்போனையும் பிடுங்கி வைப்பவன். நாற்பத்தெட்டு வயதில் என் பல்லில் கம்பி ஏறிய அன்று ஆலையே கொண்டாடியது.

“இரும்பு உள்ள போகக்கூடாதுன்னு நீங்கதான அண்ணாச்சி சொன்னீக? வாயைக் களட்டி வச்சுட்டுப் போங்க” என்றாள் திரி வெட்டும் மாரிச்செல்வி.

கம்பி அழகுக்காக அல்ல. ஈறு நோய் முற்றி, மேல்வரிசை முன்பற்கள் நான்கும் ஆளுக்கொரு திசையில் கிளம்பியிருந்தன. இழுத்துச் சேர்த்துவிடலாம், ஆனால் ஈறு அடங்கினால்தான் பல் நிற்கும் என்றார் விருதுநகர் பல் டாக்டர் ஷாஹிதா. சுத்தம் செய்து, இறுக்காமல் கம்பியை மாட்டிய பிறகும் வீக்கம் வடியவில்லை.

“வாரம் ஒருக்க லேசரும் காட்டுவோம்ணே. வீங்குன ஈறுல கம்பியை இழுத்தா பல்லே கையோட வந்துரும்.”

லேசர் என்றால் நெருப்பு என்றுதான் நினைத்தேன். இத்தனை வருடம் அலுமினியத் தூளைச் சுவாசித்தவன். ஈறுக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறதோ! ஒரு பொறி பட்டால்? கேட்கவும் கூச்சம். மூன்று சனிக்கிழமை “லேசருக்குப் போறேன்” என்று மனைவி செல்லக்கனியிடம் சொல்லிவிட்டு, விருதுநகரில் எண்ணெய் புரோட்டாவைச் சால்னாவில் ஊறவைத்து விழுங்கிவிட்டுத் திரும்பினேன். டாக்டரிடம் போனில், “சீசன், ஏகப்பட்ட லோடு” என்றேன்.

டாக்டர் செல்லக்கனிக்கே போன் போட்டுவிட்டார். நான்காவது சனிக்கிழமை கைதியைப் போல அழைத்துச் செல்லப்பட்டேன்.

கிளினிக் வாசலில், ஆலைப் பழக்கத்தில் செருப்பைக் கழற்றி, உடம்பு மின்சாரம் இறங்கட்டும் என்று இரும்புக் குழாயைத் தொட்டேன். அறையில் தலைகளை எண்ணினேன். டாக்டர், நர்ஸ், செல்லக்கனி, நான். அறைக்கு நாலு பேர். ஆலை விதிப்படி சரி.

“மணல் வாளி எங்கன இருக்கு டாக்டர்?”

“எதுக்குண்ணே?”

ஈறுக்குள் இறங்கிய தூளையும் மூன்று வாரப் புரோட்டாவையும் சொன்னேன். நர்ஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“வெடிமருந்துக்கு நடுவுல நின்னு சம்பாதிக்கிற மனுசன், பேனா தண்டி லைட்டுக்குப் பயந்து மூணு வாரமா புரோட்டா தின்னுருக்கீகளே!” என்றாள் செல்லக்கனி.

டாக்டர் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் கண்ணாடி மாட்டிவிட்டு, முதலில் தன் விரலில் ஒளியைக் காட்டினார். பிறகு என் ஈறில். சிவப்பாக ஒரு புள்ளி. சூடு இல்லை, சத்தம் இல்லை. இவ்வளவு நமுத்த சரக்கை என் சர்வீஸில் பார்த்ததில்லை.

ஆறு வாரம் கழித்து டாக்டர் பற்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். மூன்று நின்றுவிட்டன. நான்காவது ஆடியது.

“மூணு வாரம் முந்தியே வந்திருந்தா…” என்று ஆரம்பித்தவர், செல்லக்கனியின் முகத்தைப் பார்த்து, “இது மொதல்லயே ரொம்ப ஆடுச்சு, சொல்ல முடியாதுக்கா” என்று முடித்தார். எனக்காக ஒரு பொய்.

பல்லை எடுத்து, பஞ்சைக் கடிக்கக் கொடுத்தார்கள். செல்லக்கனி என் தாடையைத் துடைத்துவிட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

“அம்புட்டுப் பயமா இருந்துச்சா?” என்றாள்.

சீசன், லோடு, எல்லாம் நாக்கு நுனியில் தயாராகத்தான் இருந்தன. பஞ்சு விடவில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.