தவளையின் எடைக்கு ஒரு மூட்டை

அந்த ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்கிறவர்களுக்கும், வண்டி விட வருகிறவர்களுக்கும், எதிர்க்கடை டீக்காரருக்கும் அவள் அக்காதான். முதலாளிக்கு அவளைவிட வயது அதிகம். அவரும் அக்கா என்றே கூப்பிடுவார். இத்தனை பேர் கூப்பிட்டும் அவள் காது ஒரே ஒரு குரலுக்காகத்தான் ஏங்கிக்கிடந்தது. கூடப் பிறந்து அக்கா என்று கூப்பிடுகிறவன் ஒருத்தன்தான். அவன் கடல் தாண்டி இருந்தான்.

அவளுக்குக் கழுவுகிற வேலை. பிரித்துப் போட்ட எஞ்சின் சாமான்களை மண்ணெண்ணெய்த் தொட்டியில் முக்கி, பிரஷ்ஷால் தேய்த்து, பழந்துணியில் பரப்பி வைக்க வேண்டும். கழுவுகிறவள் கைக்குத் தெரியாத சாமான் வண்டியில் எது? எது எங்கே தேயும், எது எதோடு சேரும் என்று கை கற்றுக்கொண்டது. பிறகு பிரிக்கவும் மாட்டவும் யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்குப் போய் எவ்வளவு சோப்பு போட்டாலும் வாடை போகாது. "உன் பக்கத்துல அடுப்புப் பத்தவைக்கவே பயமா இருக்கு" என்பார் கணவர். அவர் தண்ணீர்க் கேன் போடும் வேன் ஓட்டுகிறவர். வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம்.

தம்பிக்குத் தவளை என்று பேர் வைத்தது மோட்டார் சைக்கிள் பந்தய மைதானம். மண்மேட்டில் ஏறி வண்டியோடு எம்பினான் என்றால் முழங்கால் இரண்டும் அகன்று, தலை முன்னே நீட்டி, அசல் தவளைதான். அவன் ஓட்டிய காலத்திலேயே அந்த மண்பந்தய வண்டி கிழடு. கிழட்டுக் குதிரையை வைத்துக்கொண்டு புதுக்குதிரைகளை ஓரங்கட்டியவன் அவன். பிறகு மைதானம் மூடிக்கிடந்தது, வேலை கிடைக்கவில்லை, ஒரு வருஷம் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பினான். அந்த ஒரு வருஷம் குட்டி போட்டுக்கொண்டே போனது.

வாரம் தவறாமல் போன் வரும். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் என்ன கேட்டாலும் "நல்லா இருக்கேன்க்கா" என்பான். சாப்பாடு? நல்லா இருக்கு. உடம்பு? நல்லா இருக்கு. சாத்திய கதவுக்கு வெளியே நின்று பேசுவது போல அவளுக்கு இருக்கும். தட்டுகிற சத்தம் உள்ளே கேட்கிறது, ஆள் மட்டும் திறப்பதில்லை.

ஒரு நாள் மைதானத்தைத் திரும்பத் திறக்கப்போகிறார்கள், பழைய வண்டிகளுக்கென்றே தனியாக ஒரு பந்தயம் வைக்கிறார்கள் என்று சேதி வந்தது. போனில் சொன்னாள். அவன் சிரித்தான்.

"என் வண்டி இன்னும் உசுரோட இருக்கா?"

"ஒர்க்‌ஷாப் பின்னாடி கொட்டகையில கெடக்குடா."

"நிமிந்து நின்னா சொல்லு. நானே வந்து ஓட்டறேன்."

பேச்சுக்குத்தான் சொன்னான். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"மச்சான் வாய் வார்த்தையா சொன்னதை நீ கல்வெட்டுல ஏத்திட்டியா?" என்றார் கணவர்.

"வரட்டுமேங்க. வந்து ஒரு தடவை அந்த மேட்டுல ஏறினான்னா மனசு இங்கயே நின்னுடும்."

"மனசு நிக்கும். ஆள் நிக்கணுமே."

மறுநாளே வேலை முடிந்ததும் அவள் கொட்டகைக் கதவைத் தள்ளினாள்.

வண்டி என்று சொல்ல அங்கே பாதிதான் இருந்தது. முன்சக்கரத்தை யாருக்கோ கழற்றிக் கொடுத்திருந்தார் முதலாளி. பிளக் இல்லாத ஓட்டை வழியாக மழைத்தண்ணீர் இறங்கி, பிஸ்டன் உள்ளேயே துருவேறிச் செத்துக்கிடந்தது. டீசல் ஊற்றி ஊறவைத்தாள். தினமும் மரக்கட்டை வைத்து மெல்லத் தட்டுவாள். அசையாது. மறுபடி ஊற்றுவாள். இரும்பிடம் கோபம் காட்டினால் இரும்புதான் ஜெயிக்கும், பொறுமை காட்டினால் என்றைக்காவது இறங்கிவரும். ஒரு மத்தியானம் தட்டியபோது சத்தம் மாறியது. மயிரிழை அளவுதான் நகர்ந்தது. அவள் கட்டையைக் கீழே போட்டுவிட்டுக் கொட்டகையை விட்டு வெளியே ஓடிவந்தாள். எதற்கு ஓடிவந்தோம் என்று தெரியாமல் திரும்ப உள்ளே போனாள்.

அப்புறம் வேலை ஓடியது. லேத்காரர் சிலிண்டரைக் கடைந்து கொடுத்தார். அதற்குப் பொருந்துகிற பிஸ்டன் வேறொரு வண்டியிலிருந்து வந்தது. சக்கரத்துக்கு முதலாளியைப் பிடுங்கியெடுத்தாள். "குடுத்ததைத் திருப்பிக் கேக்கச் சொல்றீங்களேக்கா, மானம் போகும்" என்று புலம்பிக்கொண்டே போய் வாங்கிவந்தார்.

ஸ்பிரிங் வைக்கும்போதுதான் அவளுக்கு அந்த யோசனை தோன்றியது. ஓட்டுகிறவன் உட்கார்ந்தால் வண்டி இவ்வளவுதான் அமுங்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அதிகம் அமுங்கினால் குதிக்கும்போது அடி தட்டும், அமுங்காவிட்டால் ஆளைத் தூக்கி எறியும். தம்பியின் எடை அவளுக்கு மறக்கவில்லை. விமானம் ஏறப்போன அன்று, பெட்டி எடைபோடுகிற மிஷினில் விளையாட்டாக அவனும் ஏறி நின்றான். "பாருக்கா, ரெண்டு பெட்டி சேந்தா ஒரு நான்" என்றான். பக்கத்துப் பழைய பேப்பர்க் கடைத் தராசில் நிறுத்து, அதே எடைக்குச் சாக்கில் மணல் ரொப்பினாள். அதைத் தூக்கி சீட்டில் வைத்து டியூப் ரப்பரால் இழுத்துக் கட்டினாள். மூட்டை கொஞ்சம் கூனிக்கொண்டு உட்கார்ந்தது. அவனும் அப்படித்தான் உட்காருவான்.

அன்றிலிருந்து கொட்டகையில் அவளுக்குப் பேச்சுத்துணை வந்துவிட்டது. "ஆடாம இருடா" என்பாள். "இந்த நட்டைப் பிடிச்சுக்க ஒரு கை இருக்கா உனக்கு?" என்பாள். கணவர் எட்டிப் பார்த்து, "மச்சான், டீ சொல்லட்டா?" என்று மூட்டையிடம் கேட்பார். முதலாளியும் விடவில்லை. "அக்கா, உங்க தம்பியைக் கொஞ்சம் ஒதுங்கச் சொல்லுங்க, ஏணி எடுக்கணும்."

அவள் சிரிப்பாள். ஆனால் வீட்டுக்குக் கிளம்பும்போது மூட்டையை ஒரு தடவை தட்டிக்கொடுத்துவிட்டுத்தான் போவாள்.

ஸ்பிரிங்கை அந்த மூட்டைக்கு அளவாக இளக்கி வைத்தாள். இடது கைப்பிடியில் இருக்கிற கிளட்ச் லிவரையும் விடவில்லை. தம்பி கிளட்ச்சை ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டால்தான் பிடிப்பான், மற்ற இரண்டும் கைப்பிடியை விடாது. அதனால் புது லிவரின் நுனியை அறுத்து, முனையை அரம் போட்டு வழவழவென்று ஆக்கி, அவனுடைய இரண்டு விரலுக்கென்றே குட்டையாகச் செய்தாள். உலகத்தில் வேறு யார் கைக்கும் அது சரிவராது. அதில் அவளுக்கு ஒரு கர்வம்.

கிக்கரை உதைத்து உதைத்துக் கால் மரத்துப்போன ஒரு நாளில் வண்டி இருமியது. இன்னொரு உதை. கொட்டகை முழுக்க நீலப்புகை. எரிந்த ஆயில் வாடை, தகரம் அதிர்கிற சத்தம், டீக்கடைக்காரர் எழுந்து நின்று பார்க்கிறார். அவள் போனை எடுத்து அவனைக் கூப்பிட்டு, எதுவும் சொல்லாமல் சைலன்சர் பக்கம் நீட்டினாள். பிறகு எஞ்சினை அணைத்துக் காதில் வைத்தாள். மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது.

"டேய், இருக்கியா?"

"லீவு கேக்கறேன்க்கா" என்றான். குரல் மாறியிருந்தது.

பந்தயத்துக்கு முதல்நாள் காலையில் வந்து இறங்கினான். முன்மயிர் கொட்டியிருந்தது. கழுத்து தோளுக்குள் இறங்கியிருந்தது. சட்டைப் பொத்தான் வயிற்றருகே திணறிக்கொண்டிருந்தது. ஒரு கையால் அவளை அணைத்துக்கொண்டான்.

"தவளையைத்தானே அனுப்பினோம்" என்றார் கணவர். "யானையைத் திருப்பி அனுப்பியிருக்காங்களே!"

"ஒங்க வாய் மட்டும் எளைக்கவே இல்ல மாமா."

கொட்டகையில் வண்டியை முதலில் தள்ளி நின்று பார்த்தான். சுற்றிச் சுற்றி வந்தான். பிறகு சீட்டில் இருந்த சாக்கைப் பார்த்தான்.

"இது யாரு?"

"நீதான்."

ஒரு கையாலேயே கட்டை அவிழ்த்து, மூட்டையை வலது தோளில் சாய்த்துத் தூக்கி, ஒரு குலுக்குக் குலுக்கிப் பார்த்தான். "இவ்ளோ லேசாவாக்கா இருந்தேன்?" என்றான். சிரிக்கத்தான் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. மூட்டையை ஓரமாக, உயிருள்ளதை இறக்குவது போல இறக்கி வைத்தான்.

அவன் ஏறி உட்கார்ந்ததும் வண்டி 'உஸ்' என்று இறங்கித் தரையை முகர்ந்தது. மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். அவள் ஸ்பிரிங்கைக் கடைசிப் பல் வரை முறுக்கினாள். முறுக்கிக்கொண்டே நினைத்தாள்: இத்தனை நாள் யாருக்கு வண்டி கட்டிக்கொண்டிருந்தோம்?

மறுநாள் மைதானத்தில் ஒத்திகை ஓட்டம். கொடி விழுந்ததும் மற்ற வண்டிகள் புழுதி கிளப்பிப் பாய்ந்தன. தவளையின் வண்டி ஒரு துள்ளுத் துள்ளி நின்றுவிட்டது. உதைத்துக் கிளப்பினான். மறுபடி துள்ளி நின்றது. அந்தக் காலத்தில் அவனிடம் தோற்றுத் தோற்று நொந்த ஒருத்தர் இருந்தார். இப்போது தலையில் ஒரு முடி கிடையாது, எல்லாருக்கும் அவர் மொட்டை. அவர் ஓரத்திலிருந்து கத்தினார்: "என்னய்யா, தவளைக்குக் குளம் வத்திடுச்சா?"

கிளட்ச் கேபிள்தான் சிக்குகிறது என்று நினைத்து அவள் ஓடினாள். லிவரைத் தன் கையால் அழுத்தினாள். வெண்ணெய் போல அமுங்கியது.

"கையுறையைக் கழட்டு."

"ஒண்ணுமில்லக்கா, பழக்கம் விட்டுப்போச்சு."

"கழட்டுடா."

இடது கை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதி மடங்கி, அப்படியே உறைந்திருந்தன. புறங்கையில் தழும்பு பூரான் மாதிரி ஓடியது. வந்ததிலிருந்து அந்தக் கையை அவன் பாக்கெட்டிலும் கையுறையிலுமாக ஒளித்தே வைத்திருந்தது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"இரும்புக் கதவு விழுந்துச்சு" என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு.

"எப்போ?"

"அது ஆச்சு... போன வருஷத்துக்கு முந்தி."

போன வருஷத்துக்கு முந்தி. அப்போதும் வாரம் தவறாமல் போன் வந்தது. கட்டுப்போட்ட கையோடு, மற்றக் கையில் போனைப் பிடித்துக்கொண்டு, நல்லா இருக்கேன்க்கா என்று சொல்லியிருக்கிறான். அவளும் கேட்டுக்கொண்டு, நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள்.

"நான் உனக்கு எந்த ஊரு அக்காடா?"

"சொன்னா நீ அழுவ. அங்க உக்காந்துக்கிட்டு நான் என்ன பண்ணட்டும்?"

"அழுவேன்தான். அழறதுக்குக்கூட உதவாட்டி அப்புறம் எதுக்கு அக்கா?"

அவள் அந்தக் கையைத் தன் மடியில் வாங்கி, ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தாள். மோதிர விரல் மடங்கியது. சுண்டுவிரலும் மடங்கியது. நடுவிரலைத் தொட்டாள்.

"வலிக்குதா?"

"இல்ல."

"பொய் சொல்லாத."

"வலிக்குது."

மோதிர விரலும் சுண்டுவிரலும்தான் வேலை செய்கின்றன. அவை இரண்டும் எட்டுகிற நுனியைத்தான் அவள் அறுத்து எறிந்திருந்தாள். அரம் போட்டு அரம் போட்டு எவ்வளவு ஆசையாகச் செய்தாள்!

"நீளமான லிவர் ஒண்ணு வேணும்" என்று பொதுவாகச் சொன்னாள். யாரும் அசைவதற்கு முன் மொட்டை தன் பெட்டியைத் துழாவி ஒன்றை எடுத்து வந்தார். "சும்மா கிண்டலுக்குத்தான் பேசினேன்க்கா, மனசுல வெச்சுக்காதீங்க" என்று நீட்டினார். அவள் மாட்டினாள். அவன் கையை வைக்கச்சொல்லி, இறக்கி, திருப்பி, மறுபடி வைக்கச்சொல்லி, அந்த இரண்டு விரலுக்கும் எட்டுகிற இடம் வரும்வரை விடவில்லை. இந்தத் தடவை நினைவைக் கேட்டு வேலை செய்யவில்லை, கையைக் கேட்டுச் செய்தாள்.

பந்தயத்தில் அவன் ஜெயிக்கவில்லை. கடைசிக்கு முந்தினவனாக வந்தான். பெரிய மேட்டில் ஏறி எம்பியபோது முன்போல வானத்தில் தங்கவில்லை. போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை, அடியில் 'டக்'கென்று தட்டியது. ஆனால் முழங்கால் அகன்றது. தலை முன்னே நீண்டது. கூட்டத்தில் பழைய ஆட்கள் "தவளே!" என்று கத்தினார்கள். அவள் ஓரத்தில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

புழுதி அப்பிய முகத்தோடு வந்து, "வண்டி பேசுதுக்கா!" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பில் அவள் தேடினாள், நின்றுவிடுவானா என்று. வீட்டுக்குப் போகிற வழியில், வேனில் கேன்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு அவனே சொன்னான்.

"நாளன்னிக்குக் கெளம்பணும். இந்தக் கையோட இங்க எவன் வேலை குடுப்பான்? அங்க என்னைப் பொறுத்துக்கறாங்க."

சொல்வதற்கென்று அவள் எத்தனையோ சேர்த்துவைத்திருந்தாள், மூட்டையிடம் எல்லாவற்றையும் ஒத்திகை பார்த்துமிருந்தாள். இப்போது அவன் கையுறையை எடுத்துப் புழுதி தட்டினாள். கணவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார், ஒரு கிண்டலும் சொல்லாமல் வண்டியை ஓட்டினார்.

வழியனுப்பப் போன இடத்தில் அவன் வழக்கம்போல ஆரம்பித்தான். "அடுத்த வருஷம் கண்டிப்பா..."

"வருஷக் கணக்கு வேணாம்டா" என்றாள். "முடிஞ்சா வா, முடியலன்னா இரு. என்கிட்ட உள்ளதைச் சொல்லு, அது போதும்."

அவன் தலையாட்டினான். அவள் நம்பவில்லை. நம்ப ஆசைப்பட்டாள், அவ்வளவுதான்.

அந்த வாரம் போன் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. உள்ளதைச் சொல் என்றதால் பயந்துவிட்டானோ, இருந்த பொய்யையும் நாமே கெடுத்துக்கொண்டோமோ என்று தொட்டியில் கையை விட்டபடி மருகிக்கொண்டிருந்தாள். ஒரு மத்தியானம் போன் அடித்தது. கையைத் துடைக்காமலே எடுத்தாள்.

"அக்கா" என்றான். பிறகு, "இங்க குளிரு தொடங்கிடுச்சு. ராத்திரில கை ரொம்ப வலிக்குதுக்கா. தூக்கம் வரமாட்டேங்குது" என்றான்.

அவள் குப்புறக் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தாள். "எந்த எடத்துல வலி, சொல்லு" என்றாள். அவன் சொன்னான். விரலிலிருந்து தொடங்கினான், மணிக்கட்டுக்கு வந்தான், அங்கிருந்து கூட இருக்கிறவனின் குறட்டைக்கு, மேஸ்திரியின் வாய்க்கு, சாப்பாட்டில் உப்பில்லாததற்கு என்று போய்க்கொண்டே இருந்தான். நடுவே நிறுத்தி, "கேக்கறியாக்கா?" என்றான். "கேக்கறேன், நீ சொல்லு" என்றாள்.

கேன் இறக்க வந்த கணவர், அவள் முகத்தைப் பார்த்து நின்றார். "என்னவாம் மச்சான்?" என்று சைகையில் கேட்டார்.

அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டாள். "ரொம்ப வலிக்குதாங்க" என்றாள். கண்ணிலிருந்து கொட்டியது. ஆனால் இத்தனை வருஷத்தில் அவள் இப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை.