ஒரு சம்பளத்து ஊர்

குலசிங்கம் அந்த ஊரை ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் அங்கே கோழிக்கால் இறாத்தல் என்ன விலை, மூன்று அறை வீட்டுக்கு எவ்வளவு கேட்கிறார்கள், காருக்கு இன்சூரன்ஸ் என்ன வரும் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். ஊரின் பெயர் ஃபோர்ட் வேய்ன். அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் இருக்கிற ஒரு சின்னப் பட்டணம். ரொறன்ரோவிலிருந்து காரில் போனால் ஒரு பகல் ஓட்டம்.

அவனுடைய மனைவி ஜெயமலர் வேலை விசயமாக அங்கே போய்விட்டு வந்தபோது ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர் ஒன்றைக் கட்டோடு கொண்டுவந்திருந்தாள். உள்ளே கடை விளம்பரங்களும் வீட்டு விளம்பரங்களுமாக ஒரு கத்தை. அதைக் குலசிங்கம் தன்னுடைய ஃபக்ரறிக்குக் கொண்டுபோனான். பிளாஸ்ரிக் வாளி வார்க்கிற ஃபக்ரறி அது. மத்தியானச் சாப்பாட்டு மேசையில் அவன் பேப்பரை விரித்தால் போதும், தமிழ் ஆட்கள் எல்லாரும் சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்துவிடுவார்கள்.

"எண்பதாயிரமோ? முழு வீடோ அண்ணை, இல்லாட்டி பேஸ்மென்ற் மட்டுமோ?" அன்புராசா சோற்றுக் கையோடு எட்டிப் பார்த்தான்.

"முழு வீடடாப்பா. முன்னுக்கும் பின்னுக்கும் புல்லுத்தரை. கராஜ் வேற."

"அப்ப சனமில்லாத ஊராக்கும்."

"சனம் இருக்கு. ஓடித்திரிஞ்சு அந்தரப்படாத சனம். அங்க ஒரு ஆள் உழைச்சாக் காணும். ஒரு சம்பளத்தில ஒரு குடும்பம் இருந்து சாப்பிடலாம்."

அதைக் கேட்டதும் மேசையில் மென்று கொண்டிருந்த வாய்கள் கொஞ்சம் நின்றன. ரொறன்ரோவில் இந்தக் கூட்டத்தில் ஒருவனுக்காவது ஒரு வேலையோடு காலம் போனதில்லை. அன்புராசா பகலில் வாளி வார்ப்பான், பின்னேரம் டவுன்ரவுனில் கந்தோர் அறைகள் கூட்டுவான். குலசிங்கம் வார இறுதிப் பின்னேரங்களில் கார் நிறுத்துமிடத்துக் கண்ணாடிக் கூண்டுக்குள் குந்தியிருப்பான். அவன் பகல், ஜெயமலர் இரவு. டோர்செட் பார்க் பகுதியில் அவர்கள் இருந்த மாடிக் கட்டடத்தில், புருசனும் பெண்சாதியும் சந்திக்கிற இடம் லிஃப்ற் வாசல். மகள் லக்சிகாவும் கார்ச் சாவியும் அங்கே கைமாறுவார்கள். எட்டு வருசம் இப்படியே ஓடிவிட்டது. இதற்குப் பெயர் குடித்தனம் என்று அவர்களும் நம்பித்தான் இருந்தார்கள்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு ஒன்ராறியோவில் ஆஸ்பத்திரிச் செலவைக் குறைத்தபோது, நேர்ஸாக இருந்த ஜெயமலருக்கும் வேலை போனது. வீட்டில் குந்தியிருந்து அழுகிற ஆள் அவள் இல்லை. அமெரிக்க ஆஸ்பத்திரிக்காரர் ரொறன்ரோ ஹோட்டல் ஒன்றுக்கு வந்து நேர்ஸ்மாரைத் தெரிவு செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, இருந்த ஒரு நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு போனாள். அமெரிக்கச் சோதனையும் எழுதிப் பாஸ் பண்ணினாள். வேலை வந்தது. அதோடு ஒரு சிக்கலும் வந்தது. அவளுக்குக் கொடுக்கிற அனுமதியில் புருசனும் பிள்ளையும் கூடப் போகலாம், இருக்கலாம், சாப்பிடலாம், தூங்கலாம். புருசன் வேலை மட்டும் செய்யக்கூடாது.

"ஊர் மலிவுதானே. என்ர சம்பளம் காணும்" என்றாள் ஜெயமலர்.

"காணும், காணும்" என்றான் குலசிங்கமும். ஆனால் அவனுக்குப் பழைய ஆள் ஒருவன் நினைவுக்கு வந்தான். பெண்சாதியின் உழைப்பில் இருந்து சாப்பிடுகிற ஒருவன் முன்பு இதே கட்டடத்தில் இருந்தான். அவனைப் பார்த்து முதலில் சிரித்தவர்களில் குலசிங்கமும் ஒருவன். சிரித்தவனுக்குத்தான் தெரியும் அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று.

அதனால்தான் சாப்பாட்டு மேசையில் அன்புராசா, "அண்ணை, உங்களுக்கு அமெரிக்காவில வேலை கிடைச்சிட்டுதாமே!" என்று கேட்டபோது அவன், "ஓம்" என்றான். ஒரு 'ஓம்' என்ன பாரமா? ஆனால் சனம் ஓமோடு விடுகிற சாதியா? என்ன வேலை என்றார்கள். வேர்ஹவுஸ் என்றான். கூட்டுற வேலையோ என்றார்கள். ரோசம் வந்துவிட்டது. "சூப்பர்வைசர்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைக் குடித்தான்.

அந்தச் சொல் அன்று பின்னேரமே பக்கத்துப் பகுதியான வோபர்ன் வரைக்கும் போய்விட்டது. சனிக்கிழமை அங்கே தமிழ்க் கடையில் அவனும் ஜெயமலரும் முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நிற்க, அன்புராசாவின் மனைவி பேபி ஓடிவந்து ஜெயமலரின் கையைப் பிடித்தாள்.

"மலரக்கா, அண்ணைக்கு அமெரிக்காவில சூப்பர்வைசர் வேலையாமே! நீங்கள் குடுத்து வச்சனீங்கள்."

ஜெயமலர் கையில் இருந்த முருங்கைக்காயைப் பார்த்தாள். பிறகு புருசனைப் பார்த்தாள். குலசிங்கத்தின் முகத்தில் ஈயாடவில்லை.

"ஓம் பேபி" என்றாள்.

காருக்குள் ஏறியும் அவள் சாவியைத் திருப்பவில்லை. திட்டியிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"நித்திரை முழிச்சுப் படிச்சு எடுத்த வேலையப்பா. அதை ஒரு சாப்பாட்டு நேரத்துக்குள்ள நீங்கள் உங்கடையாக்கிப் போட்டியள்."

"அவங்கள் கேட்டாங்கள், நான் ஓம் எண்டன். நானா ஒண்டும் சொல்லேல்லை."

"சூப்பர்வைசர் எண்டு ஆர் சொன்னது?"

அவன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தான்.

"நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்றாள் ஜெயமலர். "நான் படிக்கிறதுக்காக நீங்கள் அந்தக் கூண்டுக்குள்ள குளிருக்க இருந்ததை நான் மறக்கேல்லை. ஆனால் இனி ஆரும் என்ர முகத்துக்கு நேர அப்பிடிச் சொன்னால் நான் ஓம் எண்டு சொல்லமாட்டன். அவ்வளவுதான்."

அவள் சொன்னது நியாயம் என்று அவனுக்கு விளங்கியது. விளங்கியதாலேயே இன்னும் வெட்கமாக இருந்தது. அடுத்த நாள் மத்தியானம் அவள் கொஞ்சம் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, அவளுக்கென்று சோறும் பருப்பும் வைத்தான். சோறு அடியில் கருகி மேலே அரிசியாக நின்றது, பருப்பு உப்புக் கடலாகிவிட்டது. லக்சிகா ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, "இட்ஸ் ஓகே அப்பா, வீ கேன் ஓர்டர் பீட்ஸா" என்று அவன் முதுகைத் தட்டினாள். ஜெயமலர் எழும்பி வந்து அந்தப் பருப்பைக் கடைசி வாய் வரைக்கும் சாப்பிட்டாள். அதைவிடப் பெரிய தண்டனை இருக்க முடியாது.

அமெரிக்காவுக்கு வெளிக்கிடுகிற கிழமை ஃபக்ரறி ஆட்கள் குடும்பமாகச் சேர்ந்து, கட்டடத்தின் பார்ட்டி ஹோலில் பிரியாவிடை வைத்தார்கள். பேபி ஆட்டிறைச்சிக் கறியும் சோறும் பெரிய சட்டிகளில் கொண்டுவந்து, மேசைக்குப் பின்னால் நின்று எல்லாருக்கும் பரிமாறினாள். பிள்ளைகள் கதிரைகளுக்கு இடையில் ஓடினார்கள். குலசிங்கம் கையில் கோப்பையோடு சிரித்துக்கொண்டு நின்றான். இன்னும் ஒரு மணித்தியாலம் தாண்டினால் போதும், எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் அன்புராசா அவனை யன்னல் பக்கம் இழுத்துக்கொண்டு போனான்.

"அண்ணை, பேபிக்கு இன்னும் சொல்லேல்லை. நான் திங்கட்கிழமை வேலையை விடுறன். ரண்டு வேலையையும். அப்பார்ட்மென்ற்றுக்கும் நோட்டீஸ் குடுக்கிறன்."

"விசரே உனக்கு? ஏன்?"

"நீங்கள் சூப்பர்வைசர்தானே. கொம்பனியில கதைச்சு என்னையும் ஒரு மூலையில போட்டுவிடுங்கோ. கூட்டுற வேலையெண்டாலும் பரவாயில்லை." அவன் குரலைத் தாழ்த்தினான். "சின்னவன் என்னைக் கண்டா தாயின்ர சட்டைக்குப் பின்னால ஒளிக்கிறான் அண்ணை. ஆரோ வெளியாள் வந்திட்டான் எண்டு நினைக்கிறான். ஒரு சம்பளம் காணுமெண்டு நீங்கள் சொன்ன நாளிலயிருந்து எனக்கு நித்திரை இல்லை."

குலசிங்கம் கோப்பையை யன்னல் ஓரத்தில் வைத்தான். தன் மரியாதையைக் காப்பாற்றச் சொன்ன பொய் இன்னொருவனுடைய அடுப்பை அணைக்கப் போகிறது. வாயைத் திறக்குமுன் யாரோ கையைத் தட்டினார்கள். அவனை நடுவில் கொண்டுபோய் நிறுத்தி, எல்லாரும் சேர்ந்து வாங்கிய கறுப்புத் தோல் பிறீஃப்கேஸ் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். "சூப்பர்வைசர் வெறுங்கையோட வேலைக்குப் போகேலாதெல்லோ!" என்று ஒருவன் சொல்ல எல்லாரும் கைதட்டினார்கள். பேச வேண்டும் என்றார்கள்.

ஜெயமலர் சுவரோரம் கதிரையில் இருந்தாள். அவள் அவனைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு வேலை இல்லை" என்றான் குலசிங்கம்.

பகிடி என்று நினைத்துச் சிரித்தார்கள்.

"உண்மையாச் சொல்லுறன். அமெரிக்காவில எனக்கு ஒரு வேலையும் இல்லை. வேலை மலருக்கு. நேர்ஸ் வேலை. சோதினை எழுதி, இன்ரர்வியூவுக்குப் போய், அவதான் எடுத்தவ. எனக்கு அங்க வேலை செய்ய அனுமதியே இல்லை. நான் பிள்ளையைப் பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போவன். சமைப்பன். வெட்கத்தில உங்களுக்குப் பொய் சொல்லிப் போட்டன்." அவன் அன்புராசாவின் பக்கம் திரும்பினான். "அன்பு, நீ திங்கட்கிழமை வேலையை விட்டிராதை. என்னை நம்பி விட்டிராதை."

"என்ன? வேலையை விடுறதோ?" என்று பேபி கறிச் சட்டிக்குப் பின்னாலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

அன்புராசா நேரே வந்தான். குலசிங்கத்தின் கையிலிருந்து பிறீஃப்கேஸைப் பறித்தான். அடிக்கப் போகிறான் என்றே குலசிங்கம் நினைத்தான், அடித்தால் வாங்குவது என்றும் முடிவு செய்தான்.

"இதை முதலே சொல்லியிருந்தா நல்ல பிரஷர் குக்கர் ஒண்டு வாங்கியிருப்பமே அண்ணை!"

ஹோல் குலுங்கிச் சிரித்தது. இத்தனை கிழமையாக அவன் பயந்துகொண்டிருந்த சிரிப்பு அதுதான். வந்தது, அவனைக் கடந்து போனது, அவன் நின்ற இடத்திலேயே முழுசாக நின்றான். அவனுக்கே நம்ப முடியவில்லை.

அன்புராசா மட்டும் சிரித்து முடித்துவிட்டு ஜெயமலரிடம் போனான். பிறீஃப்கேஸை இரண்டு கையாலும் கொடுத்தான். "அக்கா, உது உங்களுக்குத்தான்" என்றான். பிறகு அங்கேயே நின்றான்.

"உண்மையா ஒரு சம்பளம் காணுமோ அக்கா?"

"காணும். மூண்டு பேருக்கும் வடிவாக் காணும்."

அவன் கொஞ்சம் யோசித்தான். "அப்ப பேபிக்கு நேர்ஸ் படிக்க எவ்வளவு காலம் செல்லும்?"

மறுபடியும் சிரிப்பு எழும்பியது. ஆனால் அவன் சிரிக்கவில்லை, அது பகிடி இல்லை என்று கண்டதும் மற்றவர்களின் சிரிப்பும் அடங்கியது.

"என்னை ஏன் கேக்கிறீர், பேபியையெல்லோ கேக்கவேணும்" என்றாள் ஜெயமலர். அவள் நிமிர்ந்து இருந்தாள். அவளுடைய குரலில் அன்று இருந்த தெளிவைக் குலசிங்கம் லிஃப்ற் வாசலில் ஒருநாளும் கேட்டதில்லை. "பேபி, இஞ்ச வந்து இரும். நீர் ஊரில எதுவரைக்கும் படிச்சனீர்?"

பேபி கரண்டியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். எல்லாரும் பார்க்கிறார்கள் என்று கூச்சப்பட்டாள்.

"ஏ லெவல் சோதினை எழுதினனான் அக்கா. பயோ. நாலு பாடமும் பாஸ். கம்பஸுக்குப் போகத்தான் கொஞ்சப் புள்ளி குறைஞ்சு போச்சுது."

அன்புராசா வாயைத் திறந்தபடி நின்றான். கட்டிப் பத்து வருசம், அவனுக்கு அது தெரியாது. அவன் கேட்டதுமில்லை, அவளுக்குச் சொல்ல நேரம் வாய்த்ததுமில்லை.

ஜெயமலர் பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டாள். சட்டிகளுக்கு முன்னால் தட்டோடு ஆட்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். குலசிங்கம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய், பேபி வைத்துவிட்டு வந்த கரண்டியை எடுத்துச் சோறு போடத் தொடங்கினான்.