டாக்டரம்மாவின் மூக்குக்கண்ணாடி

எங்கள் வீட்டில் விளக்கை அணைத்தால் பேச்சும் அணைந்துவிடும். என் வீட்டுக்காரருக்குக் காது கேட்காது. எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிப்பார். நெசவாலையில் தறிகளுக்கு நடுவே நின்றே வயதைக் கழித்தவர். காது எப்போது போனது என்று அவருக்கே தெரியாது. அதைப் பற்றி நாங்கள் பெரிதாக அலட்டிக்கொண்டதும் இல்லை. இப்போது பாழாய்ப்போன சர்க்கரையால் கண்ணும் மங்கிக்கொண்டு வருகிறது. போன பார்வை திரும்பாது என்று கண் டாக்டர் கையை விரித்துவிட்டார். கண்ணும் போய்விட்டால் நான் சொல்வது இந்த மனுஷனுக்கு எந்த வழியாகப் போய்ச் சேரும்? இந்தக் கவலைதான் என்னை அரித்துக்கொண்டிருந்தது.

அதற்குத்தான் காது மெஷின். நல்லதாக வாங்க எங்களுக்கு வக்கில்லை. ஆலைச் சத்தத்தில் காது போனவர்களுக்குத் தொழிலாளர் வாரியமே நஷ்டஈடும் மெஷினும் கொடுக்கிறது என்று மகள்தான் விசாரித்து எழுதிப் போட்டாள். பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். இவர் கிளம்பவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

"இருக்கிற பென்ஷனையும் புடுங்கறதுக்கு வழி பண்றே நீ. காது கேக்காமலே வேலை பார்த்து கம்பெனியை ஏமாத்தினேன்னு எழுதிடுவானுங்க."

"ஆமா, உங்க பென்ஷனைப் புடுங்கி அவன் மாடி வீடு கட்டப் போறான்! சட்டையை மாட்டுங்க முதல்ல."

வாய்தான் அப்படிப் பேசியது. மனசுக்குள் அவரைக் குறை சொல்ல முடியவில்லை. நானும் அதே ஷெட்டில் தறி ஓட்டியவள்தானே.

அடேயப்பா, அது என்ன சத்தம்! தறியில் இப்படியும் அப்படியும் பாயும் நாடா அடிக்கிற அடி பல்லில் தெரியும். பக்கத்தில் நிற்பவள் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதனால் நாங்கள் கத்துவதே இல்லை. வாயைப் பெரிதாக அசைத்து, சத்தமே இல்லாமல் பேசுவோம். இந்தக் கோடியில் இருந்துகொண்டு அந்தக் கோடியில் இருப்பவளிடம் ஊர் வம்பெல்லாம் அளப்போம். மேனேஜர் நடுவில் நடந்து போவார். அவர் தொப்பையைப் பற்றி இரண்டு பக்கமும் வாய் அசையும். பாவம், அவருக்கு உதடு படிக்கத் தெரியாது. எல்லோரும் ஏதோ சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று அவரும் சேர்ந்து சிரிப்பார். பஞ்சுத் தூசி புருவமெல்லாம் படிந்து எங்களைக் கிழவிகளாக்கிவிடும். ஆனால் அந்த வயசு என்ன வயசு!

இவர் என்னிடம் 'கட்டிக்கிறியா?' என்று கேட்டதும் அங்கேதான். நாலு தறி தள்ளி நின்று கேட்டார். ஐயாவுக்கு ரகசியம் பேசுவதாக நினைப்பு. அந்த ஷெட்டில் உதடு படிக்கத் தெரியாதவர் யார் இருந்தார்கள்? நான் பதில் சொல்லுமுன் 'சரின்னு சொல்லுடி' என்று சுற்றிலும் வாய்கள் அசைந்தன. எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. தறியில் நூல் அறுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. மேஸ்திரி வந்து நின்று திட்டினார். என்ன திட்டினார் என்று இன்றுவரை தெரியாது, நான் அவர் உதட்டைப் பார்க்கவே இல்லை.

அந்த நாளெல்லாம் திரும்பி வராதா என்று இன்னும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. மகள் பிறந்ததும் நான் வேலையை விட்டுவிட்டேன். அதனால் என் காது தப்பித்தது.

கம்பெனியிலும் வருஷா வருஷம் காதைச் சோதிப்பார்கள். சரியில்லை என்று எழுதினால் தறியிலிருந்து இறக்கிவிடுவார்கள், நஷ்டஈடு வரும் என்பார்கள். தறி ரிப்பேர் பார்க்கும் ஒருவர் இருந்தார், எல்லோருக்கும் மாமா. அவர் ஒருவர்தான் வெள்ளந்தியாக, "எனக்குக் கேக்கலைங்க" என்றார். விளக்குமாற்றைக் கையில் கொடுத்து வாசல் பெருக்க அனுப்பினார்கள். சம்பளம் பாதியாயிற்று. நஷ்டஈட்டுக்காக ஆபீஸுக்கு நடையாய் நடந்தார். அடுத்த வாரம் வா என்றார்கள், பெரியவர் லீவு என்றார்கள், கடைசியில் இது பிறவிச் செவிடு என்று சொல்லி ஆளை அனுப்பிவிட்டார்கள்.

"பிறவிச் செவிடனா இருந்திருந்தா என் மாமியார்கிட்ட இத்தனை ரோஷப்பட்டிருப்பேனாடா?" என்று கேட்டுச் சிரித்தார் மாமா. அப்படிச் சிரித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தார். சம்பளத்தில் பிடித்து வைத்த ஓய்வுப் பணத்துக்காக அவர் சம்சாரம், அந்த அத்தை, அதே வாசலில் கால் கடுக்க நின்றாள். நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அதைப் பார்த்த பிறகு எவன் உண்மை பேசுவான்? நர்ஸ் ஒலி கொடுக்கும்போது அவள் பக்கம் மெஷினில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். அவளுக்குப் பின்னால் மருந்து அலமாரியின் கண்ணாடிக் கதவு. அதில் சிவப்பு தெரிந்ததும் விரலைத் தூக்கிவிட வேண்டியதுதான். ஷெட்டே அப்படித்தான் பாஸானது. உங்களுக்கெல்லாம் என்ன காது என்று நர்ஸ் மெச்சிக்கொள்வாள்.

வாரியத்துப் பரிசோதனை அறையில் அலமாரி எதுவும் இல்லை. சத்தம் புகாதபடி சுவரெல்லாம் மெத்தை அடித்திருந்தார்கள். டாக்டரம்மா சின்னப் பெண். பெரிய வட்டக் கண்ணாடி போட்டிருந்தாள். இவர் தலையில் ஹெட்போனை மாட்டிவிட்டு, எதிரில் இருந்த கம்ப்யூட்டருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

"சத்தம் கேட்டா விரலைத் தூக்குங்கய்யா. எவ்வளவு மெல்லிசா கேட்டாலும் தூக்கணும்."

இவர் தூக்கினார். மறுபடி தூக்கினார். ஒன்றுகூடத் தப்பவில்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்திருந்தேன்.

"அபாரமான காது! கம்பெனி ரிப்போர்ட்லயும் இப்படித்தான் இருக்கு. அப்புறம் எதுக்கும்மா கூட்டிட்டு வந்தீங்க?" என்றாள் டாக்டரம்மா.

இந்த மனுஷன் அப்படி எதைத்தான் பார்க்கிறார் என்று நானும் பார்த்தேன். டாக்டரம்மாவின் மூக்குக்கண்ணாடியில் கம்ப்யூட்டர் வெளிச்சம் பச்சையாக மின்னி மின்னி மறைந்தது. மங்கின கண்ணுக்கும் அது தப்பவில்லை. எனக்கு வந்ததே கோபம்!

"டாக்டரம்மா, அந்தக் கண்ணாடியைக் கழட்டுங்க!"

"என்னது?"

"இவருக்கு ஒரு மண்ணும் கேக்கலை. உங்க கண்ணாடியில வெளிச்சம் வந்தா விரலைத் தூக்கறாரு. எல்லாம் கம்பெனியில பழகின பழக்கம்!"

அவள் கண்ணாடியைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்போ சுவரைப் பார்த்து உட்காரச் சொல்லுங்க" என்றாள்.

இவருக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் ஷெட்டுப் பேச்சில் என்னிடம் சொன்னார். 'வேண்டாம். மாட்டிவிடப் பார்க்கறாங்க. மாமாவை மறந்துட்டியா?'

நானும் வாயை மட்டும் அசைத்தேன். 'மறக்கலை. இவங்களை நானும் நம்பலை. பணம் வரும்னும் சொல்லலை.'

'அப்புறம் எதுக்கு இதெல்லாம்?'

'கண்ணும் போயிட்டா நான் யார்கிட்ட பேசுவேன்?'

அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு, "என்ன?" என்றார். உதடு தெரியவில்லை. என் உதடும் நிலையாக இல்லை. எழுந்து போய், அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து மறுபடி சொன்னேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, டாக்டரம்மாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

நான் பக்கவாட்டில் இருந்தேன். அவர் விரல் முழங்கால்மேல் தயாராக இருந்தது. அசையவில்லை. டாக்டரம்மா பட்டனைத் தட்டிக்கொண்டே போனாள். கொஞ்ச நேரத்தில் ஹெட்போனிலிருந்து கசிந்த சத்தம் எனக்கே கேட்டது. இன்னும் கூட்டினாள். அறைக்குள் எனக்குக் காது கூசியது. டாக்டரம்மா சிரிப்பெல்லாம் போய் என்னைப் பார்த்தாள். 'உன் குரல் மட்டும் எனக்கு எப்பவும் கேக்கும்' என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லி வந்த மனுஷன், தேய்த்த சட்டையோடு, முதுகை நிமிர்த்தி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவர் அவ்வளவு பொறுமையாகக் காத்திருந்ததை என்னால் பார்க்க முடியவில்லை.

"நான் உள்ளபடி எழுதிடறேன்மா. வாரியம் என்ன பண்ணும்னு என்னால சொல்ல முடியாது" என்று டாக்டரம்மா மெஷினை நிறுத்தினாள்.

நான் போய் அவர் தோளைத் தொட்டேன். திரும்பிப் பார்த்தார்.

"என்ன, அந்தப் பொண்ணு இன்னும் ஆரம்பிக்கலையா?" என்றார்.