தூங்கும் பிள்ளைக்கு டிக்கெட் இல்லை

பிள்ளையின் உள்ளங்காலை மெல்லச் சுரண்டினேன். கண்டக்டர் தொழிலில் அதுவும் ஒரு வேலை. மூன்று வயசு முடியும்வரை டிக்கெட் கிடையாது என்பதால், எங்கள் தடத்தில் எந்தப் பிள்ளைக்கும் மூன்று வயசு முடிந்ததே இல்லை. மீசை முளைத்தவனை முந்தானையில் சுற்றி மடியில் கிடத்தி, பால்குடி மறக்கவில்லை என்று சத்தியம் செய்த தாய்மார்கள் உண்டு. அவன் எழுந்து என்னிடமே தீப்பெட்டி கேட்டிருக்கிறான். உள்ளங்காலைச் சுரண்டினால் பொய்த்தூக்கம் கலைந்துவிடும். பிள்ளை சிரிக்கும், பஸ் சிரிக்கும், தாயும் சிரித்துக்கொண்டே அரை டிக்கெட் வாங்கிவிடுவாள். முப்பத்தோரு வருஷம் இப்படிச் சுரண்டிச் சுரண்டியே ரிடையர் ஆனவன் நான்.

எழுபத்தொன்பதாம் வருஷம், ஏப்ரல் மாசம், மத்தியானம் இரண்டு மணி. பஸ் கூரையில் தோசை ஊற்றினால் திருப்பிப் போடாமலே இரண்டு பக்கமும் வேகும் வெயில். அந்த வெயிலில் அந்தக் கால் பானைத் தண்ணீர் போலச் சில்லென்று இருந்தது.

நிமிர்ந்து தாயைப் பார்த்தேன். இருபது வயசுதான் இருக்கும். ஜன்னலுக்கு வெளியே எங்கேயோ பார்த்தபடி பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டரை வயசுங்க" என்றாள். பிறகு உதடு மட்டும் அசைய, "காலையில ஆஸ்பத்திரியில உசிரு பூடுச்சுங்கண்ணா. பஸ்ல ஏத்த மாட்டாங்கன்னு சொன்னாங்க. வூட்டுக்குக் கொண்டுபோயிடணும், வேற வழியில்ல."

ஏற்றக்கூடாது என்பதுதான் விதி. தெரிந்தால் விசிலடித்து இறக்கிவிட வேண்டும். நான் இறக்காவிட்டாலும் ஜனங்கள் இறக்கிவிடுவார்கள். பாதிப் பேர் கல்யாணத்துக்குப் போகிறவர்கள், பூவும் பழத்தட்டுமாக. இறக்கிவிட்டால் பதினைந்து கிலோமீட்டர், அந்தத் தார் ரோட்டில், அந்தச் சுமையோடு. அதற்கு முந்தின ஞாயிறு சர்ச்சில் பிரசங்கம், வழியில் அடிபட்டுக் கிடந்த ஒருவனைப் பற்றி. வழக்கம்போல் நான் தூங்கிவிட்டேன். யாரோ முன்பின் தெரியாதவன் அவனைத் தன் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு போனது மட்டும் காதில் விழுந்தது. என்னிடம் இருந்தது பஸ்.

"தூங்குற புள்ளைக்கு டிக்கெட் இல்லம்மா" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லி, அவளுக்கு மட்டும் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தேன்.

பஸ் கிளம்பியது. முன் சீட்டில் இருந்த, வேர்க்கடலை விற்கும் மல்லாட்டை மண்டி ராஜேந்திரன் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா, புள்ள அசையவே மாட்டுது? இந்தக் குலுக்கல்ல செத்தவன்கூட எழுந்து ஒக்காருவானே."

அவள் பக்கத்தில் இருந்த அஜ்மத் பேகம் நல்ல மனுஷி. "குடும்மா, கொஞ்ச நேரம் நான் வெச்சிக்கிறேன். கை ஓஞ்சி போயிருக்கும்" என்று இரண்டு கைகளையும் நீட்டினார். அவள் பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஏசுபாதம் என்று பேர் வைத்துக்கொண்டிருந்தாலும் நான் பெரிய புளுகன். ஈஸ்டருக்கு முந்தின லெந்து விரத நாட்களில் எங்கள் சபையில் ஆளுக்கு ஒன்றை விடுவது வழக்கம். கறி, வெற்றிலை, சினிமா என்று அவரவர் விட, போதகர் அந்த வருஷம் என்னை மட்டும் தனியே கூப்பிட்டு, "நீ கதையளக்கிறத வுடு ஏசுபாதம், ஆண்டவருக்கு அது போதும்" என்று வாக்கு வாங்கிவிட்டார். ஐந்து வாரம் உண்மை மட்டுமே பேசியதில் எனக்கு எட்டு கிலோ இளைத்துவிட்டது. வாடிக்கைக்காரர்கள் என் வீட்டில் யாரோ தவறிவிட்டார்கள் என்று துக்கம் விசாரித்தார்கள். வாக்கு முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தது.

"பாயம்மா, அந்தப் புள்ளய எழுப்பிடாதீங்க" என்றேன். "போன வாரம் இப்டித்தான் ஒரு புள்ளய எழுப்பிவுட்டாங்க. அது அழுத சத்தத்துல பரசுராமனுக்குக் காது அடைச்சி, வண்டி நேரா ஏரிக்குள்ள எறங்கிடுச்சி."

டிரைவர் பரசுராமன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "எந்த ஏரிபா?"

"தண்ணி இருந்த ஏரி."

"அப்ப பொய்தான்" என்றார் ராஜேந்திரன். பஸ் சிரித்தது.

அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டேன். வண்டி முழுகும்போது கீழ்பென்னாத்தூர் மல்லாட்டை ஒன்று மிதந்து வந்ததாகவும், பிளந்து பருப்பைத் தள்ளிவிட்டு ஒரு பாதி ஓட்டில் ஆண்களையும் மறு பாதியில் பெண்களையும் ஏற்றிக் கரை சேர்த்ததாகவும் சொன்னேன். ஓட்டிலும் டிக்கெட் போட்டாயா என்று ஒருவர் கேட்டார். "ஓட்டுக்கு ஓட்டு ரேட்டு மாறுமா?" என்றேன். தள்ளிவிட்ட பருப்பை இன்றைக்கும் ராஜேந்திரன் மண்டியில் ரம்பம் வைத்து அறுத்து விற்கிறார் என்றேன். ராஜேந்திரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் சாய்ந்தார். அஜ்மத் பேகம் நீட்டிய கைகளை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டது. முந்தானை விலகி அந்தச் சின்னக் கால் வெளியே தொங்கியது. நான் பஸ் நடுவில் நின்று அந்த மல்லாட்டை ஓட்டில் என் மாமனாரும் இருந்ததாகச் சொல்லி, அவர் அதைப் படகுபோல் கையால் துழாவியதை நடித்துக் காட்டினேன். விழுந்தேன், எழுந்தேன், மறுபடி விழுந்தேன். எல்லாக் கண்ணும் என் மேல். வெளியே புளுகு, உள்ளே யாரும் திரும்பிவிடக்கூடாது ஆண்டவரே என்று ஒரு ஜெபம், இரண்டும் ஒரே மூச்சில். அவள் பக்கம் நான் பார்க்கவே இல்லை. நான் பார்த்தால் எல்லாரும் பார்ப்பார்கள்.

கீழ்பென்னாத்தூருக்கு முன்னால் ஒரு புளியமரத்தடியில் அவள் எழுந்தாள். முதலில் நான் இறங்கி, படியில் அவள் முழங்கையைத் தாங்கினேன். உள்ளே இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள்.

"எனக்கு இது ஒண்ணுதாங்க" என்றாள். "வழியெல்லாம் சிரிச்சிக்கினே வந்தீங்க எல்லாரும்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

பரசுராமன் ஹாரன் அடித்தார். "ஏசுபாதம், அப்பறம் அந்த ஓடு இன்னா ஆச்சி?" என்று ராஜேந்திரன் உள்ளேயிருந்து கேட்டார். விசிலை வாயில் வைத்தேன். ஊதாமலே எடுத்துவிட்டேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு படியில் நின்றேன், வண்டி தானாக நகர்ந்தது.

அறுப்பு முடிந்த வெறும் கொல்லை. தூரத்தில் மலை. ஏமாற்றுவதற்கு அங்கே ஒரு காக்காய்கூட இல்லை. வரப்பின் பாதியில் அவள் நின்று, பிள்ளையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். மறுபடி நடந்தாள். கை முதுகைத் தட்டிக்கொண்டே போனது.