மாப்பிள்ளையின் குட்டிச் சத்தியம்

திரான்சில்வேனிய மலையூர்க் கத்தோலிக்கக் கோயிலில் ஹெட்விக் கல்யாணச் சத்தியம் செய்தாள். "கடவுளும் மாதாவும் சகல புனிதர்களும் எனக்குத் துணை" என்று முடிக்க அவளுக்கு அரை நாள் பிடித்தது. புராட்டஸ்டண்ட் மாப்பிள்ளை பாலின்ட், தன் சபை வழக்கப்படி, "கடவுள் எனக்குத் துணை" என்றதோடு வாயை மூடிக்கொண்டான்.

விருந்தில் அவன் மாமியார் எடெல்கா கோழி சூப் அண்டாவின் மூடிமேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஆயிரம் விருந்தாளிகள் கரண்டியோடு காத்திருந்தார்கள்.

"என் பொண்ணு வானத்துல இருக்கிற அத்தனை பேரையும் சாட்சிக்குக் கூப்பிட்டா. நீங்க ஒருத்தரோட நிறுத்திட்டீங்களே மாப்பிள்ளை! நாளைக்கு நழுவத்தானே? பொண்ணை அனுப்ப மாட்டேன்."

சூப் பனிக்கட்டியாவதற்குள் பதில் சொல்லியாக வேண்டும். பாலின்ட் தொண்டையைச் செருமினான்.

"அத்தை, உங்க பொண்ணு தப்புப் பண்ணா பரிஞ்சு பேச மாதா இருக்காங்க, புனிதர்கள் இருக்காங்க. நான் தப்புப் பண்ணா எந்தப் புனிதரும் வரமாட்டார். நேரா கடவுள்கிட்டதான் மாட்டுவேன்."

எடெல்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "சின்னப் புனிதர்கூடவா வரமாட்டார்?"

"ஒருத்தரும் வரமாட்டார் அத்தை."

அவள் மூடியைவிட்டு இறங்கி, முதல் கரண்டி சூப்பை அவன் தட்டில் ஊற்றினாள்.

"ஹெட்விக், நல்ல இடமாத்தான்டி பிடிச்சிருக்கே!"